வெட்டி மானியம்

பாலக்கோடு வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி.
ஷாமியானாக் கிழிசல் வழியே வெயில்
ஒரு ரூபாய் அளவுக்கு மேசைமேல் விழுந்து
மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டிருக்கிறது.
என் கிராமத்துக் கணக்குகளை
நாடா கட்டி அடுக்கி வைத்திருக்கிறேன்.

பதினொன்றாவது மனு, திம்மக்கா.
சர்வே எண் இருநூற்றுப் பதினாலில் இரண்டு ஏ,
நாற்பத்திரண்டு சென்ட்,
ஏரிக் கோடிக்குக் கீழே உவர் பூத்த இடம்.
மாமனார் பேரிலிருந்து
தன் பேருக்கு மாற்ற வேண்டுமாம்.

பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில்
உதிரும் தாளைத் திருப்பினேன்.
கட்டைப் பேனா எழுத்தில் இருந்தது:
வெட்டி மானியம்.

துணை வட்டாட்சியர் எட்டிப் பார்த்தார்.
"வெட்டியா இருக்கறதுக்கெல்லாமா
மானியம் குடுத்திருக்கான்?"
மேசையைச் சுற்றிச் சிரிப்பு.
நானும் பாதி சிரித்துவிட்டேன்.
அதைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

இரவு அகராதியைப் புரட்டினேன்.
வெட்டி: கூலியில்லாமல் செய்யும் ஊர்வேலை.
வெட்டி: அதைச் செய்பவன்.
வெட்டி: பயனின்மை.
குடும்ப அட்டையில் பெயர்கள் போல
ஒன்றன்கீழ் ஒன்று.
விஷ்டி என்ற வடசொல்லின் வழி வந்தது என்பார் உண்டு.
குழி வெட்டுவதால் வெட்டியான் என்கிறது ஊர்.
எனக்குத் தெரியவில்லை.
கோயில் கல்லில் அது
வெட்டி, அமஞ்சி என்று
வரிகளோடு வரியாக நிற்கிறது.
நெல்லும் எண்ணெயும் காசும் போல
ஓர் ஆளின் முதுகும் வரி.

எந்த இடத்தில் கவிழ்ந்தது இந்தச் சொல்?
நடுச்சாமத்தில் மடை திறந்தவன்,
கிஸ்திப் பெட்டியைத் தலையில் சுமந்து
மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக் கஜானாவரை நடந்தவன்,
கிணற்றில் விழுந்தவளின் உடலருகே
போலீஸ் வரும்வரை
நரி விரட்டியபடி இரண்டு ராத்திரி உட்கார்ந்தவன்.
கூலிக் கணக்கில் அவன் பேருக்கு எதிரே
ஒன்றுமில்லாததைப் பார்த்து
அவன் ஒன்றும் செய்யவில்லை என்று
யாரோ படித்துவிட்டார்கள்.

மானியம் மட்டும் நன்றாகப் பிழைத்துக்கொண்டது.
மதிப்பு என்ற வீட்டில் பிறந்து
வரியில்லா நிலமாக வளர்ந்து
இன்று சொட்டுநீர்க் குழாய்க்கும் கேஸ் சிலிண்டருக்கும்
வங்கிக் கணக்கில் வந்து இறங்குகிறது.
பக்கத்தில் எழுதியிருந்த சொல்லோ
வேலை கிடைக்காத பையன்கள்மேல்
தினமும் காலையில் அப்பன் வாயிலிருந்து விழுகிறது.

மறுநாள் இடம் பார்க்கப் போனேன்.
பாதி சீமைக்கருவேலம், பாதியில் கேழ்வரகுத் தாள்.
"எல்லைக்கல் எங்கே?"
"எங்க மாமனுக்கு
சாவு சேதி சொல்லப் போற ஊரெல்லாம் மனப்பாடம்.
இந்தக் கல்லு தெரியாது.
ஊரு வேலை விட்டாத்தானே உழுவறதுக்கு?"

நான் அகராதியில் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன்.
கல்வெட்டு, வரி, எவ்வளவு பழைய சொல்.
திம்மக்கா ஆட்டுக்குட்டியை வரப்பிலிருந்து விரட்டிவிட்டு வந்தாள்.
"இருக்கட்டும்மா.
அந்த வார்த்தைய மட்டும் எடுத்துடு.
பையன் காலேஜுல ஜெராக்ஸ் கேக்கறாங்க."

புதிய பட்டாவில் எப்படியும் அது வராது.
கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.
நஞ்சை, புஞ்சை, தரம், தீர்வை
என்பதோடு முடிந்துவிடுகிறது மண்.
அறிக்கையில் மட்டும்
நில வரலாறு என்ற இடத்தில்
அவள் கேட்டபடி அந்தச் சொல்லை விட்டுவிட்டு
என் கையால் எழுதினேன்:
"ஊருக்குச் செய்த வேலைக்குக் கூலியாக வந்தது.
மீதி பாக்கி."

மூன்றாம் நாள் கோப்பு திரும்பியது.
வட்டாட்சியரின் பச்சை மை, சாய்ந்த எழுத்து:
"பாக்கி எவ்வளவு?
ஆதாரம் இணைக்கவும்."